ஃபிளைட் பிளானின் 10ஆம் கட்டம்: கருவிக் குறிகள் எதைச் சொல்கின்றன, எங்கே தவறுகின்றன

விமானம் புறப்படுமுன் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டுக்குத் தரும் பயணத் திட்டப் படிவம்தான் ஃபிளைட் பிளான். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குப் புறப்படும் ஓர் ஏர்பஸ் 320க்குத் தாக்கல் செய்யப்படும் பிளானில் 10ஆம் கட்டம் ஒரே வரிதான். சில எழுத்துகள், ஓரிரு எண்கள், நடுவே ஒரு சாய்கோடு. கோட்டுக்கு இடப்பக்கம் இருப்பவை வானொலி, வழிகாட்டல், இறங்குதுணைக் கருவிகளின் குறிகள். வலப்பக்கம், தரை ரேடாரின் கேள்விக்குப் பதில் சொல்லும் டிரான்ஸ்பாண்டரும் மற்ற கண்காணிப்புக் கருவிகளும். வங்காள விரிகுடாவின் மேல் எந்த உயரம் கிடைக்கும், முன்னே போகும் விமானத்துக்கு எவ்வளவு பின்னால் பறக்க விடுவார்கள், சாங்கியில் எந்த இறங்குமுறை கிடைக்கும் என்பதெல்லாம் பெருமளவு இந்த வரியைப் பொறுத்தது. தரையிலிருக்கும் கணினி இதை நம்பி எடுத்துக்கொள்கிறது. விமானத்துக்குள் எட்டிப் பார்க்க அதற்கு வழியில்லை.

இந்த எழுத்துகளைக் காதால் கேட்டால் சில ஜோடிகள் ஒன்றுபோலவே ஒலிக்கும். அதற்காகத்தான் விமானத் துறையில் ஆல்ஃபா, பிராவோ, சார்லி, டெல்டா என்று சொல்கிறார்கள். இங்கும் அப்படியே எழுதுகிறேன்.

நம் ஏர்பஸ்ஸுக்கு வழக்கமாக எழுதப்படும் வரி ஏறக்குறைய இப்படி இருக்கும்: சியரா, டெல்டா, எக்கோ 3, ஃபாக்ஸ்ட்ராட், கோல்ஃப், ஹோட்டல், இந்தியா, ரோமியோ, விஸ்கி, யாங்கி, சாய்கோடு, லிமா, பிராவோ 1. இதோடு, மற்ற விவரங்களுக்கான 18ஆம் கட்டத்தில் "பி.பி.என்/" (செயல்திறன் அடிப்படையிலான வழிகாட்டல்) என்று தொடங்கி இன்னொரு தொடர் வரும். இரண்டும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். தள்ளுபடியாகும் பிளான்களில் கணிசமானவை இந்தப் பொருத்தத்தில்தான் சறுக்குகின்றன.

ஓர் எழுத்துக்கு மூன்று நிபந்தனை

குறிகளின் பொருளை வரையறுப்பது சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐ.சி.ஏ.ஓ.வின் 4444ஆம் ஆவணம். இப்போதைய வடிவம் 2012 நவம்பர் 15 அன்று உலகம் முழுக்க ஒரே நாளில் நடைமுறைக்கு வந்தது. அந்த ஆவணம் சொல்லும் ஒரு வாக்கியத்தைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஓர் எழுத்தை எழுத மூன்று நிபந்தனைகள் நிறைவேற வேண்டும்: கருவி விமானத்தில் இருந்து வேலை செய்ய வேண்டும், விமானிகள் அதைப் பயன்படுத்தத் தகுதி பெற்றிருக்க வேண்டும், அனுமதி தேவைப்படும் இடத்தில் உரிய அரசு அமைப்பின் அனுமதி இருக்க வேண்டும். இந்தியப் பதிவு விமானங்களுக்கு அந்த அமைப்பு சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ.

ஆகவே 10ஆம் கட்டத்தை "பெட்டிகளின் பட்டியல்" என்று எடுத்துக்கொள்வது அடிப்படையிலேயே பிழை. காக்பிட்டில் இரண்டு ஜி.பி.எஸ். இருக்கிறது, சரி. ஆனால் நிறுவனத்துக்கு ஆர்.என்.பி. 4 என்ற துல்லிய வழிகாட்டலுக்கான அனுமதி வரவில்லை என்றால் அதற்குரிய லிமா 1 குறியை எழுதக்கூடாது. அனுமதி இருக்கிறது, ஆனால் இன்று பறக்கும் விமானிக்கு அந்த இறங்குமுறைக்கான பயிற்சி காலாவதியாகிவிட்டது என்றால் அதற்குரிய குறியும் போக வேண்டும். விமானத்தின் வகையை மட்டும் பார்த்து, பழைய பிளானிலிருந்து 10ஆம் கட்டத்தை நகலெடுக்கும் டிஸ்பாச்சர் (பிளானைத் தயாரிக்கும் நிறுவன ஊழியர்) இந்த மூன்றில் முதலாவதைக்கூடச் சரிபார்ப்பதில்லை.

இடப்பக்கம்: சியராவில் தொடங்கும் சிக்கல்

சியரா என்றால் "வழக்கமான கருவிகள்". அதாவது வி.எச்.எஃப். வானொலி, தரை நிலையத்தை வைத்துத் திசை காட்டும் வி.ஓ.ஆர்., ஓடுபாதைக்கு வழிகாட்டி இறக்கும் ஐ.எல்.எஸ். மூன்றும். 2012க்கு முன் இந்தத் தொகுப்பில், என்.டி.பி. என்ற தரை வானொலி நிலையம் இருக்கும் திசையைக் காட்டும் ஏ.டி.எஃப். கருவியும் இருந்தது. புது வடிவத்தில் அது வெளியே எடுக்கப்பட்டது. ஏ.டி.எஃப். இருந்தால் இப்போது ஃபாக்ஸ்ட்ராட் என்று தனியாக எழுத வேண்டும். பழைய பழக்கத்தில் சியரா போட்டு நிறுத்துபவர்கள் இன்றும் உண்டு. விளைவு பெரிதாக இராது. போகும் இடத்தில் என்.டி.பி. அடிப்படையிலான இறங்குமுறை மட்டும் இருந்தால்தான் இடிக்கும்.

மூன்றில் ஒன்று குறைந்தாலும் சியரா செல்லாது. பயிற்சிக்குப் பயன்படும் ஒரு செஸ்னா 172இல் வி.எச்.எஃப்., வி.ஓ.ஆர். இருந்து ஐ.எல்.எஸ். இல்லையென்றால் விக்டர், ஆஸ்கர் என்று பிரித்து எழுத வேண்டும். இருந்தால் லிமா சேரும், மூன்றும் சேர்ந்தால் சியரா. தேவையான கருவி எதுவுமே இல்லை, அல்லது இருந்தும் வேலை செய்யவில்லை என்றால் நவம்பர்.

டெல்டா என்பது தரை நிலையத்தின் தொலைவை அளக்கும் டி.எம்.இ. எக்கோ 3 என்பது புறப்பாட்டு அனுமதியை எழுத்துச் செய்தியாகப் பெறும் வசதி. இந்தியா என்பது, வெளி அலை எதையும் வாங்காமல் விமானத்தின் அசைவை அளந்தே இடத்தைக் கணிக்கும் நிலைம வழிகாட்டி, அதாவது ஐ.ஆர்.எஸ். ஹோட்டல் என்பது அடிவானத்தைத் தாண்டியும் எட்டும் எச்.எஃப். வானொலி. சென்னை–சிங்கப்பூர் பாதையில் இந்த ஹோட்டல் அலங்காரத்துக்கு அல்ல. வி.எச்.எஃப். அலை நேர்க்கோட்டில் மட்டுமே போகும். அடியில் அளந்த உயரத்தின் வர்க்கமூலத்தை 1.23ஆல் பெருக்கினால் கடல் மைலில் தோராயமான எட்டும் தொலைவு கிடைக்கும். 35,000 அடியில் அது சுமார் 230 கடல் மைல். கரையோர நிலையத்தின் எல்லை அத்தோடு முடிகிறது. அந்தமான் பக்கம் உள்ள நிலையங்கள் இடைவெளியைக் குறைக்கின்றன, அவ்வளவுதான்.

யாங்கி என்பது 8.33 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் அலைவரிசை மாற்றக்கூடிய வானொலி. பழைய 25 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியை மூன்றாகப் பிரித்து அலைவரிசைப் பஞ்சத்தைச் சமாளிக்க ஐரோப்பா கொண்டுவந்த ஏற்பாடு இது. சிங்கப்பூர் போகிறவருக்கு இதனால் பெரிய பயனில்லை. பாரிஸ் போகிறவர் விட்டுவிட்டால் பிளானே திரும்பி வரும்.

கோல்ஃப் என்பது ஜி.என்.எஸ்.எஸ்., பேச்சுவழக்கில் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள் வழித் திருத்தம் போன்ற துணை ஏற்பாட்டைப் பயன்படுத்தினால் அதன் பெயரை 18ஆம் கட்டத்தில் "நாவ்/" என்பதன் பின் எழுத வேண்டும். இந்தியாவில் அந்தத் துணை ககன். இஸ்ரோவும் இந்திய விமான நிலைய ஆணையமும் சேர்ந்து உருவாக்கியது. 2013 டிசம்பர் 30 அன்று வழிப்பயணத்துக்கும், 2015 ஏப்ரல் 21 அன்று செங்குத்து வழிகாட்டலோடு கூடிய இறங்குமுறைக்கும் டி.ஜி.சி.ஏ. சான்று பெற்றது. ககனைக் கொண்டு எல்.பி.வி. என்ற, செங்குத்து வழிகாட்டலோடு கூடிய இறங்குமுறையில் இறங்கும் திறன் இருந்தால் 10ஆம் கட்டத்தில் பிராவோ எழுதலாம். 2022 ஏப்ரலில் ராஜஸ்தானின் கிஷன்கரில் இண்டிகோவின் ஏ.டி.ஆர். 72 ஒன்று இந்த முறையில் இறங்கியது. இங்கே பறக்கும் ஜெட்களில் பலவற்றில் ககனைப் படிக்கும் ரிசீவர் கிடையாது. "எல்லாவற்றிலும் ஜி.பி.எஸ். இருக்கிறதே" என்று பிராவோவைச் சேர்ப்பது தவறு.

ஜூலு என்பது மற்றவை. அதை எழுதினால் என்ன கருவி என்று 18ஆம் கட்டத்தில் "காம்/", "நாவ்/", "டாட்/" இவற்றில் ஒன்றின் கீழ் சொல்லியே ஆக வேண்டும். விளக்கம் இல்லாத ஜூலுவைக் கணினி ஏற்காது.

ரோமியோவும் பி.பி.என். தொடரும்

ரோமியோ என்றால் செயல்திறன் அடிப்படையிலான வழிகாட்டலுக்கு அனுமதி உண்டு என்று பொருள். தனியாக அது எதையும் சொல்வதில்லை. எந்த அளவுக்கு என்பதை 18ஆம் கட்டத்தின் "பி.பி.என்/" சொல்கிறது. ரோமியோ இருந்து பி.பி.என். தொடர் இல்லாவிட்டாலும், தொடர் இருந்து ரோமியோ இல்லாவிட்டாலும் பிழைதான்.

தொடரில் ஒவ்வொரு குறியும் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும். ஆல்ஃபா 1 என்றால் ஆர்நாவ் 10: பறக்கும் நேரத்தில் 95 சதவீதம், விமானம் குறித்த பாதையிலிருந்து 10 கடல் மைலுக்குள் இருக்கும். வங்காள விரிகுடாவைக் கடக்கும் நவம்பர் 571, பாப்பா 574 போன்ற பாதைகளுக்கு இதுதான் நுழைவுச்சீட்டு. ஒன்றையொன்று சாராத இரண்டு நீண்டதூர வழிகாட்டிகள் இதற்கு வேண்டும். லிமா 1 என்றால் ஆர்.என்.பி. 4. இங்கே விமானமே தன் துல்லியத்தைக் கண்காணித்து, குறைந்தால் விமானியை எச்சரிக்க வேண்டும், ஜி.பி.எஸ். இல்லாமல் நடக்காது. ஐ.சி.ஏ.ஓ. விதிகளின்படி ஆர்நாவ் 10 விமானங்களுக்கு முன்பின் 50 கடல் மைல் இடைவெளி, ஆர்.என்.பி. 4 விமானங்களுக்கு 30 கடல் மைல் வரை குறைக்கலாம். இவை, விமானத்தின் நிலையைத் தானாகத் தரைக்கு அறிவிக்கும் ஏ.டி.எஸ்-சி, கட்டுப்பாட்டாளரும் விமானியும் எழுத்துச் செய்தி பரிமாறும் சி.பி.டி.எல்.சி. போன்ற தொடர்பு ஏற்பாடுகள் கூடவே இருந்தால் மட்டும். அவை இல்லாத இடத்தில் கடிகாரம் பார்த்துப் பிரிப்பார்கள்: 10 நிமிடம் என்றாலே ஜெட் வேகத்தில் சுமார் 80 கடல் மைல் ஆகிவிடும்.

பிராவோ வரிசை ஆர்நாவ் 5, சார்லி ஆர்நாவ் 2, டெல்டா ஆர்நாவ் 1, ஆஸ்கர் ஆர்.என்.பி. 1. ஒவ்வொன்றிலும் எண் 1 என்றால் அனுமதிக்கப்பட்ட எல்லா உணரிகளாலும் முடியும். எண் 2 ஜி.என்.எஸ்.எஸ்., எண் 3 இரண்டு டி.எம்.இ. நிலையங்களின் தொலைவை வைத்துக் கணக்கிடுவது. அதற்கு மேல் வரிசைகள் பிரிகின்றன. பிராவோ 4 என்றால் வி.ஓ.ஆரும் டி.எம்.இ.யும், பிராவோ 5 என்றால் ஐ.ஆர்.எஸ். ஆனால் சார்லி 4, டெல்டா 4, ஆஸ்கர் 4 மூன்றும் டி.எம்.இ.யோடு நிலைம உணரி சேர்ந்தது. சியரா 1, சியரா 2 இரண்டும் ஆர்.என்.பி. இறங்குமுறை, இரண்டாவதில் காற்றழுத்த உயரமானியைக் கொண்டு செங்குத்து வழிகாட்டல் உண்டு. டேங்கோ 1, டேங்கோ 2 சிறப்பு அனுமதி தேவைப்படும் ஆர்.என்.பி. ஏ.ஆர். இறங்குமுறை. காத்மாண்டு மாதிரி மலைகள் நெருக்கும் இடங்களுக்கானது.

இப்போது பொருத்தம். சுருங்கச் சொன்னால், பி.பி.என். தொடரில் ஓர் உணரியைச் சொன்னால் அது 10ஆம் கட்டத்திலும் இருக்க வேண்டும். எண் 1 அல்லது 2 என்றால் கோல்ஃப் வேண்டும். எண் 1 அல்லது 3 என்றால் டெல்டா வேண்டும். பிராவோ 1 அல்லது 4 என்றால் டெல்டாவோடு ஆஸ்கரோ சியராவோ வேண்டும். நிலைம உணரி வரும் குறிகளுக்கு இந்தியா வேண்டும். ஐரோப்பாவில் யூரோகண்ட்ரோலின் ஐ.எஃப்.பி.எஸ். என்ற மையம் எல்லா பிளான்களையும் இப்படிச் சரிபார்த்து, ஏற்றேன், ஆள் பார்க்க வேண்டியிருக்கிறது, தள்ளுபடி என்று மூன்றில் ஒரு பதில் அனுப்பும். அங்கே தப்பு உடனே தெரிந்துவிடும். மற்ற பல இடங்களில் கணினி அவ்வளவு கறாராக இராது. பிளான் ஏற்கப்படும், குறை வானத்தில்தான் தெரியவரும். என் பார்வையில் ஐரோப்பிய முறையின் தொல்லையே மேல்.

இன்னொரு எல்லையும் உண்டு: தொடரில் எட்டுக் குறிகளுக்கு மேல் எழுத முடியாது. ஒரு பெரிய விமானத்துக்கு ஆல்ஃபா 1, பிராவோ 1, சார்லி 1, டெல்டா 1, லிமா 1, ஆஸ்கர் 1, சியரா 2, டேங்கோ 1 என்று எழுதினால் சரியாக எட்டு. "எல்லா உணரிகளும்" என்ற 1 கிடைக்காத விமானத்துக்குத் தனித்தனியாக எழுத ஆரம்பித்தால் இடம் தீர்ந்துவிடும். அப்போது அன்றைய பாதைக்கு எது வேண்டுமோ அதை வைத்துக்கொண்டு மற்றதை விட வேண்டும். ஆர்.என்.பி. 2 திறனுக்குத் தொடரில் குறியே கிடையாது. ரோமியோவோடு ஜூலுவும் போட்டு, "நாவ்/" கீழ் அதை எழுதுகிறார்கள்.

ஒரே எழுத்து மூன்று இடங்களில் மூன்று பொருள் தருவதுதான் புதியவர்களைக் கவிழ்ப்பது. டெல்டா இடப்பக்கத்தில் டி.எம்.இ., வலப்பக்கத்தில் டெல்டா 1 என்றால் ஏ.டி.எஸ்-சி, பி.பி.என். தொடரில் டெல்டா 1 என்றால் ஆர்நாவ் 1. பிராவோ முறையே எல்.பி.வி., ஏ.டி.எஸ்-பி (விமானம் தன் இடநிலையைத் தானே ஒலிபரப்புவது), ஆர்நாவ் 5. லிமா ஐ.எல்.எஸ்., மேம்பட்ட மோட் சியரா டிரான்ஸ்பாண்டர், ஆர்.என்.பி. 4. சியராவும் அப்படியே. வடிவமைத்தவர்கள் ஏன் இப்படிச் செய்தார்கள் என்று நொந்துகொண்டு பயனில்லை. எழுத்து எந்த இடத்தில் நிற்கிறது என்பதைப் பார்த்தே படிக்க வேண்டும்.

விஸ்கி: ஆயிரம் அடிக்கான உத்தரவாதம்

பறக்கும் மட்டம் 290 முதல் 410 வரை (சுமார் 29,000 முதல் 41,000 அடி) விமானங்களை மேலும் கீழும் பிரிக்கும் இடைவெளி முன்பு 2,000 அடி. உயரம் கூடக்கூட காற்றழுத்த உயரமானியின் பிழை கூடும் என்பதால் அப்படி வைத்திருந்தார்கள். ஆர்.வி.எஸ்.எம். என்ற குறைந்த செங்குத்து இடைவெளி ஏற்பாடு அதை 1,000 அடியாகப் பாதியாக்கியது. ஏழு மட்டங்கள் இருந்த இடத்தில் பதின்மூன்று கிடைத்தன. இந்திய வான்வெளியில் இது 2003 நவம்பர் 27 அன்று வந்தது.

இந்த ஏற்பாட்டின்படி பறக்கத் தகுதி உண்டு என்று சொல்வதே விஸ்கி. அதை எழுதுகிற விமானத்தில் ஒன்றையொன்று சாராத இரண்டு உயர அளவீட்டு அமைப்புகள், உயர எச்சரிக்கைக் கருவி, உயரத்தைத் தானே பிடித்து நிறுத்தும் ஆட்டோபைலட், உயரத்தைச் சொல்லும் டிரான்ஸ்பாண்டர் நான்கும் இயங்க வேண்டும். அதோடு அனுமதியும் வேண்டும். அனுமதி பெற்றபின் அதை மறந்துவிடவும் முடியாது. உயரப் பிழை உண்மையில் எவ்வளவு என்று காலத்துக்குக் காலம் அளந்து பார்க்கிறார்கள். வங்காள விரிகுடாப் பகுதிக்கு அந்த வேலை பாங்காக்கில் உள்ள மார் என்ற கண்காணிப்பு அமைப்பினுடையது. விஸ்கி போட்டுப் பறந்த விமானங்களையும் அனுமதி பெற்றவற்றின் பதிவேட்டையும் இத்தகைய அமைப்புகள் ஒப்பிட்டுப் பார்க்கும். பதிவேட்டில் இல்லாத விமானம் விஸ்கியோடு பறந்திருந்தால் கேள்வி நிறுவனத்துக்கும் அதன் அரசுக்கும் போகும். விமானத்தை விற்று வாங்கும்போது பதிவெண் மாறி, அனுமதிப் பதிவு மாறாமல் போவது வழக்கமான ஓட்டை.

புறப்படுமுன் இந்த நான்கில் ஒன்று பழுதானால் விஸ்கியை எடுத்துவிட்டு மட்டம் 280க்குள் திட்டமிட வேண்டும். அந்த உயரத்தில் ஜெட் இன்ஜின் அதிக எரிபொருள் குடிக்கும், காற்றும் வேறு. ஆகவே ஓர் எழுத்தை அழித்தால் எரிபொருள் கணக்கு முழுவதையும் திரும்பப் போட வேண்டும். அனுமதியற்ற விமானம் என்று அறிவித்து அந்த மட்டங்களில் பறக்கும் வாய்ப்பு அரசு விமானங்கள், மனிதாபிமானப் பயணம் போன்ற சிலவற்றுக்கே, அதுவும் முன்கூட்டியே பேசி வைத்தால். பறக்கும்போது பழுதானால் விமானி "அனேபிள் ஆர்.வி.எஸ்.எம். டியூ எக்விப்மென்ட்" என்று உடனே சொல்ல வேண்டும்.

எழுத்துச் செய்திகள்: ஜூலியட்டின் எண்கள்

2012க்கு முன் ஜூலியட் என்று மட்டும் எழுதினால் டேட்டாலிங்க் இருக்கிறது என்று பொருள். இப்போது வெறும் ஜூலியட் செல்லாது. ஜூலியட் 1 முதல் 7 வரை எண் வேண்டும். ஜூலியட் 1 ஐரோப்பிய வகை. மற்றவை கடல் பகுதிகளில் அதிகம் பயன்படும் ஃபான்ஸ் வகை: 2 எச்.எஃப். வழி, 3ம் 4ம் வி.எச்.எஃப். வழி, 5 இன்மர்சாட் செயற்கைக்கோள், 7 இரிடியம் செயற்கைக்கோள். கடலுக்கு நடுவே வி.எச்.எஃப். வழி மட்டும் இருந்தால் பயனில்லை என்பதால் விரிகுடாவில் கணக்கில் வருவது செயற்கைக்கோள் அல்லது எச்.எஃப். வழி. இதோடு ஏ.டி.எஸ்-சி இருந்தால் வலப்பக்கத்தில் டெல்டா 1 எழுத வேண்டும். ஜூலியட் 5ஐ எழுதிவிட்டு டெல்டா 1ஐ மறப்பது அடிக்கடி நடப்பது. தரைக்கணினி செய்தி அனுப்பத் தயாராகும். தானியங்கி நிலை அறிக்கையை எதிர்பார்க்காது. குறுகிய இடைவெளிக்கு இரண்டும் தேவை.

விமானி சென்னை மையத்தில் இணைய, விக்டர், ஆஸ்கர், மைக், ஃபாக்ஸ்ட்ராட் என்ற முகவரியில் லாக்-ஆன் செய்வார். அப்போது விமானத்திலிருந்து போகும் அடையாளம், பதிவெண், டிரான்ஸ்பாண்டரின் 24 பிட் முகவரி ஆகியவை பிளானோடு ஒப்பிடப்படும். பிளானில் அடையாளம் எழுதும் 7ஆம் கட்டம், 18இல் பதிவெண்ணுக்கான "ரெக்/", முகவரிக்கான "கோட்/" இவற்றில் ஒன்று மாறினாலும் இணைப்பு மறுக்கப்படலாம். கடைசி நேரத்தில் விமானத்தை மாற்றும்போது இதுதான் நடக்கிறது: புது பதிவெண்ணைப் போட்டுவிட்டு பழைய விமானத்தின் 24 பிட் முகவரியை அப்படியே விட்டுவிடுவார்கள். பதிவெண்ணில் இடைக்கோடு போடக்கூடாது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

வலப்பக்கம்: டிரான்ஸ்பாண்டர்

தரை ரேடார் 1030 மெகாஹெர்ட்ஸில் கேட்கிறது, டிரான்ஸ்பாண்டர் 1090இல் பதில் சொல்கிறது. மோட் ஆல்ஃபாவில் பதில் நான்கு இலக்க ஸ்குவாக் எண். ஒவ்வோர் இலக்கமும் 0 முதல் 7 வரை மட்டும், ஆகவே மொத்தம் 4,096 எண்கள். கடத்தலுக்கு 7500, வானொலி செயலிழப்புக்கு 7600, அவசரத்துக்கு 7700 ஆகியவை இதில் அடக்கம். மோட் சார்லி 100 அடிப் படிகளில் உயரத்தைச் சேர்க்கிறது. வலப்பக்கத்தில் ஆல்ஃபா மட்டும் எழுதினால் உயரம் தெரியாது. சார்லி எழுதினால் இரண்டும் உண்டு. பக்கத்தில் பறக்கும் விமானத்தின் டி.கேஸ் என்ற மோதல் தவிர்ப்புக் கருவிக்கும் இந்த வேறுபாடு முக்கியம். உயரம் சொல்லாத விமானத்தைப் பற்றி அது எச்சரிக்கும், ஆனால் ஏறு, இறங்கு என்று தப்பும் வழி சொல்லாது.

மோட் சியராவில் ஒவ்வொரு விமானத்துக்கும் உலகில் வேறெதற்கும் இல்லாத 24 பிட் முகவரி. சுமார் 1 கோடியே 68 லட்சம் முகவரிகளை ஐ.சி.ஏ.ஓ. நாடுகளுக்குப் பங்கிட்டிருக்கிறது. பதினாறடிமான எழுத்தில் 800000 என்று தொடங்கும் தொகுதி இந்தியாவுடையது. இங்கே எழுத்துகள் பெருகுகின்றன. விமான அடையாளமும் உயரமும் சொன்னால் சியரா. உயரம் மட்டும் என்றால் பாப்பா, அடையாளம் மட்டும் என்றால் இந்தியா, இரண்டும் இல்லையென்றால் எக்ஸ்ரே. சியராவோடு ஏ.டி.எஸ்-பிக்கான நீட்டித்த அலைபரப்பு இருந்தால் எக்கோ. சியராவோடு மேம்பட்ட கண்காணிப்பு இருந்தால் ஹோட்டல். விமானி தேர்ந்தெடுத்த உயரம், சாய்வுக் கோணம், திசை, வேகம், ஏறும் வீதம் ஆகியவை தரைக்குக் கிடைக்கும். எல்லாம் இருந்தால் லிமா. மோட் சியரா எழுத்துகளில் ஒன்றைத்தான் எழுத வேண்டும், அதுவும் உயர்ந்ததை. சியரா, எக்கோ, ஹோட்டல், லிமா என்று அடுக்குவது "எனக்கு இது புரியவில்லை" என்று எழுதிக் கொடுப்பதற்குச் சமம்.

லிமா அல்லது எக்கோ எழுதினால் கூடவே பிராவோ 1 அல்லது பிராவோ 2 வர வேண்டும். 1 என்றால் ஏ.டி.எஸ்-பி அனுப்பும்; 2 என்றால் அனுப்பும், மற்றவற்றைப் பெறவும் செய்யும். இரண்டையும் சேர்த்து எழுதக்கூடாது. அமெரிக்காவில் 18,000 அடிக்குக் கீழ் பறப்பவர்கள் 978 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் வேறொரு கருவியும் வைத்துக்கொள்ளலாம். அதற்கு யூனிஃபார்ம் 1, 2. பிராவோ 1 கருவியின் தலைமுறையைச் சொல்லாது. ஆகவே புதிய தரத்தைச் சேர்ந்தது என்றால் 18ஆம் கட்டத்தில் "சர்/" கீழ் 260 பிராவோ என்று எழுதுகிறார்கள். அமெரிக்கா 2020 ஜனவரி 1 முதலும், ஐரோப்பா அதே ஆண்டு டிசம்பர் 7 முதலும் இந்தத் தரத்தைக் கட்டாயமாக்கின. ஐரோப்பிய விதி 5,700 கிலோவுக்கு மேற்பட்ட, அல்லது 250 நாட்டுக்கு மேல் வேகமுள்ள விமானங்களுக்கு.

பிளானில் எல்லாம் சரியாக எழுதியும் திரையில் விமானம் பெயரில்லாமல் தெரிவது உண்டு. காரணம் அநேகமாக விமானி தட்டச்சு செய்த அடையாளம். 7ஆம் கட்டத்தில் மூன்றெழுத்து ஐ.சி.ஏ.ஓ. குறியும் எண்ணும் இருக்கும்: இண்டிகோவுக்கு ஐ.ஜி.ஓ., ஸ்ரீலங்கனுக்கு ஏ.எல்.கே. விமானி டிக்கெட்டில் உள்ள இரண்டெழுத்துக் குறியை, 6ஈ என்றோ யூ.எல். என்றோ தட்டினால் கணினி இரண்டையும் சேர்க்காது. முன்னால் ஒரு பூஜ்யம், நடுவே ஓர் இடைவெளி, எல்லாமே இதே விளைவைத் தரும். ஏழு எழுத்து-எண்களுக்குள், பிளானில் இருப்பதை அப்படியே எழுத வேண்டும்.

டிரான்ஸ்பாண்டர் மௌனமானால் என்ன ஆகும் என்பதற்கு 2006 செப்டம்பர் 29 அன்று பிரேசிலில் நடந்தது சாட்சி. மட்டம் 370இல் எதிரெதிரே வந்த எம்ப்ரேர் லெகசி ஜெட்டும் கோல் நிறுவனத்தின் போயிங் 737ம் மோதின. லெகசியின் டிரான்ஸ்பாண்டர் அலைபரப்பு நின்றிருந்ததால் இரு விமானங்களின் டி.கேஸ் கருவிகளும் வாய் திறக்கவில்லை. போயிங்கில் இருந்த 154 பேரும் இறந்தனர். பிளானில் உள்ள எழுத்து புறப்படும் நேரத்து நிலையைத்தான் சொல்கிறது. அதன்பின் நடப்பதற்கு அது பொறுப்பல்ல.

பழுதானால் எந்த எழுத்து போகும்

இரண்டு ஜி.பி.எஸ். ரிசீவர்களும் பழுது, குறைந்தபட்சக் கருவிப் பட்டியலின்படி புறப்படலாம் என்று வைத்துக்கொள்வோம். கோல்ஃபை அடித்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். பி.பி.என். தொடரில் பிராவோ 1 போய் பிராவோ 3, 4, 5 வர வேண்டும். சார்லி 1, டெல்டா 1 இரண்டும் முறையே 3 அல்லது 4 ஆக, விமானத்தின் சான்றிதழ் எதை அனுமதிக்கிறதோ அதுவாக மாற வேண்டும். லிமா 1 போகும், சியரா 2 போகும். ஆல்ஃபா 1 நிற்கலாம், ஏனெனில் ஐ.ஆர்.எஸ். இரண்டு இருந்தால் ஆர்நாவ் 10க்குப் போதும். ஆனால் வழியில் திருத்தம் கிடைக்காத நிலையில் அதற்கு 6.2 மணி நேர வரம்பு உண்டு. நான்கு மணி நேரப் பயணமான சிங்கப்பூருக்கு அது தடையில்லை.

பலர் மறப்பது வலப்பக்கத்தை. ஏ.டி.எஸ்-பி ஒலிபரப்பும் இடநிலை ஜி.பி.எஸ்.ஸிலிருந்துதான் வருகிறது. அது போனால் லிமா, பிராவோ 1 எழுத முடியாது. ஹோட்டலுக்கு இறங்க வேண்டும். "சர்/" கீழுள்ள 260 பிராவோவும் போகும். ஒரு ரிசீவர் பழுது 10ஆம் கட்டத்தின் இரு பக்கத்தையும் 18ஆம் கட்டத்தையும் தொடுகிறது.

வழியில் ஜி.பி.எஸ். அலைகள் நெரிக்கப்படுவதோ போலியாக மாற்றப்படுவதோ வேறு விஷயம். அதற்காகப் புறப்படுமுன் கோல்ஃபை எடுக்கத் தேவையில்லை. கருவி நன்றாகத்தான் இருக்கிறது. துல்லியம் குறைந்ததும் கட்டுப்பாட்டாளரிடம் சொல்வதே முறை.

தாக்கல் செய்த பிறகு பழுது தெரிந்தால் மாற்றச் செய்தி அனுப்ப வேண்டும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. 18ஆம் கட்டத்தில் ஒரு பகுதியை மட்டும் மாற்றி அனுப்ப முடியாது. புதிதாக வருவது பழையது முழுவதையும் அழித்துவிடும். பி.பி.என். தொடரை மட்டும் திருத்தி அனுப்பினால் பயணத் தேதி, பதிவெண், 24 பிட் முகவரி, பயண நேரங்கள் எல்லாம் காணாமல் போகும். அதன்பின் சென்னையில் லாக்-ஆன் மறுக்கப்பட்டால் விமானி கருவியைக் குறை சொல்வார், பொறியாளர் அதைக் கழற்றிச் சோதிப்பார், பழுது ஒன்றும் இராது. ஆகவே 18ஆம் கட்டத்தை முதல் குறியிலிருந்து கடைசி குறி வரை முழுதாக எழுதி, 10ஆம் கட்டத்தையும் அதே செய்தியில் சேர்த்து அனுப்ப வேண்டும். பயணத் தேதி நள்ளிரவைத் தாண்டும் விமானமென்றால் அதையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது, தேதி யு.டி.சி. நேரப்படி, இந்திய நேரப்படி அல்ல.